வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவும் முன் ஒரு ஸ்லைடு எடுங்கள்

சென்னையில் ஒருவருக்கு வாய்ப்புண் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் "உடம்புச் சூடு" என்பார்கள், மணத்தக்காளிக் கீரைக் கூட்டு ஒரு நாள், ஊறவைத்த வெந்தயம் ஒரு நாள், அதற்கும் அடங்கவில்லை என்றால் தெருமுனை மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டையும் மேலே தடவ ஒரு சின்ன ட்யூபும் வாங்கி வருவார்கள். நன்றாக இருக்கும் உடம்புக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும்.

நான் எழுத உட்கார்ந்தது அப்படிப்பட்டவர்களைப் பற்றி இல்லை. கீமோ ஓடிக்கொண்டிருப்பவர்கள், கிட்னியோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்கள், எச்ஐவியோடு வாழ்பவர்கள், லூபஸ் என்ற, எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சுகர் முந்நூறைத் தாண்டியும் "எனக்கு ஒண்ணும் செய்யல" என்று நடமாடிக்கொண்டிருப்பவர்கள். இவர்களுடைய வாயைப் பார்ப்பதுதான் என் வேலை. பல் மருத்துவம் படித்துவிட்டு அதிலேயே வாய் நோய்களைக் கண்டறியும் பிரிவில் மேற்படிப்பு முடித்தவள் நான், பல் பிடுங்குவதும் அடைப்பதும் எனக்குக் குறைவு, புண்ணையும் படலத்தையும் வீக்கத்தையும் பார்த்து இது என்ன என்று சொல்வதுதான் அதிகம். இந்த வேலையில் எனக்குத் திரும்பத் திரும்பக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு: என்ன நோய் என்று பார்க்காமலேயே மருந்து ஆரம்பிப்பது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் அது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க முயல்கிறேன். நோயாளிகளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சிவப்பு, வீக்கம், சீழ், இவற்றையெல்லாம் கிருமி செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அவற்றில் பெரும்பங்கு நம் உடம்பு கிருமியோடு போடும் சண்டையின் விளைவு. சீழ் என்பதே செத்துப்போன வெள்ளையணுக்களும் திசுவும்தான். அப்படியென்றால் வெள்ளையணுவே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பலருக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை தரைமட்டத்துக்குப் போய்விடும், ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே என்றால் மிக ஆபத்தான நிலை. அந்த நாட்களில் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஒரு தொற்று இருந்தால் முகம் வீங்காது, சீழ் கட்டாது, ஈறு கொஞ்சம் வெளிறியோ லேசாகச் சிவந்தோ இருக்கும், அவ்வளவுதான். காய்ச்சலும் வலியும் மட்டும் இருக்கும்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த ஒரு இளைஞரை அப்படித்தான் பார்த்தேன். காய்ச்சல் 101-ஐத் தாண்டி இறங்கவில்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை சுத்தம், எங்கிருந்து காய்ச்சல் என்று வார்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். டார்ச் அடித்து வாயைப் பார்த்தவர்கள் "நார்மல்" என்று எழுதியிருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்வைக்கு நார்மல்தான். நான் செய்தது ஒரே ஒரு காரியம், கையுறை போட்ட விரலால் கீழ்த்தாடையின் ஈறு முழுக்க மெதுவாக அழுத்திக்கொண்டே போனேன். பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் சதை மடிப்புக்கு வந்ததும் அவர் முகம் சுருங்கியது. அந்த மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் செத்த திசு, ஒரு துளி சீழ் கிடையாது. அங்கிருந்து எடுத்த மாதிரியையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கான ரத்தத்தையும் ஒன்றாக அனுப்பினோம். ஆன்டிபயாட்டிக்கை கல்ச்சர் ரிசல்ட் வரும்வரை நிறுத்திவைக்க முடியாது, நியூட்ரோபில் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை, ரத்தம் எடுத்த கையோடு ஊசி போட்டாக வேண்டும். ஆனால் எடுத்த பிறகு போடுவதற்கும் எடுக்காமலே போடுவதற்கும் நடுவில் இருப்பது வெறும் பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

வாயிலிருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற சாதுவான பாக்டீரியா கூட, கீமோவில் புண்ணாகிப்போன வாய்ச்சவ்வு வழியாக ரத்தத்துக்குள் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் கீமோ ஆரம்பிப்பதற்கு முன்பே ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டச் சொல்கிறோம், சொத்தையும் ஆடும் பல்லும் அப்போதே தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. இதைப் பல குடும்பங்கள் "இப்ப பல்லா முக்கியம்" என்று தள்ளிவிடுகிறார்கள். முக்கியம், தயவுசெய்து போங்கள்.

சரி, எல்லோரும் கேட்கும் வெள்ளைப் படலத்துக்கு வருவோம்.

நாக்கு வெள்ளையாக இருந்தாலே பூஞ்சை என்று முடிவு கட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. காய்ச்சலில் கிடந்து நாலு நாள் சரியாகச் சாப்பிடாத யாருக்கும் நாக்கின் மேற்பரப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், அது வெறும் அழுக்குப் படிவு. பூஞ்சைப் படலம் கன்னத்தின் உட்புறம், அண்ணம், தொண்டைவாசல் என்று எங்கே வேண்டுமானாலும் திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக உட்கார்ந்திருக்கும். ஒரு காஸ் துணியை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் உரிந்து வரும், அடியில் சிவந்த பச்சைப்புண் மாதிரி இருக்கும், சில நேரம் ரத்தம் கசியும். இந்த ஒரு துடைப்பு செலவில்லாத பரிசோதனை, ஆனால் எத்தனை இடங்களில் செய்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. துடைத்தும் வராத வெள்ளை என்றால் கதையே வேறு. புகையிலை, மாவா, பாக்கு போடுபவருக்கு வரும் லூக்கோபிளேக்கியா என்ற வெள்ளைத் திட்டாக இருக்கலாம், லைக்கன் பிளேனஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம், பூஞ்சையிலேயே தடித்துப்போன ஒரு வகையாக இருக்கலாம், புற்றுநோயின் ஆரம்பமாகக் கூட இருக்கலாம். துடைத்து வராத வெள்ளைக்குப் பூஞ்சை மருந்தை இரண்டு வாரம் கொடுத்தும் அசையவில்லை என்றால் அதற்குமேல் ஒரு நாள் கூடக் காத்திருக்காமல் பயாப்ஸிக்கு, அதாவது ஒரு துண்டு சதை எடுத்துச் சோதிக்க, போய்விட வேண்டும்.

துடைத்த காஸை அப்படியே குப்பையில் போடாதீர்கள் என்பதுதான் என் அடுத்த வேண்டுகோள், இது இளம் பல் டாக்டர்களுக்கு. அந்தப் படலத்தைக் கொஞ்சம் ஸ்லைடில் தேய்த்து, ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மேலே கவர்ஸ்லிப் வைத்து, சில நிமிடம் விட்டால் வாயின் செல்களெல்லாம் கரைந்து மங்கிவிடும், பூஞ்சையின் சுவர் கரையாமல் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் முட்டைவடிவத்தில் மொட்டு விடும் ஈஸ்ட் செல்களும் அவற்றோடு நீளநீளமான இழைகளும் தெரிந்தால் கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சை அங்கே குடியேறி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வெறும் ஈஸ்ட் செல்கள் நாலைந்து தெரிவதற்கு அவ்வளவு அர்த்தம் இல்லை. கல்ச்சரில் கேண்டிடா வளர்ந்தது என்ற ஒரு வரிக்கு அதைவிடவும் குறைவு, ஏனென்றால் எந்தத் தொல்லையும் இல்லாத பலருடைய வாயிலும் அது சும்மா இருந்துகொண்டேதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் "கேண்டிடா வளர்ந்துள்ளது" என்று பார்த்ததும் மாத்திரை எழுதுவதற்கு முன், அந்த வாயில் அதற்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் கல்ச்சர் எப்போது தேவை? மருந்து கொடுத்தும் போகாதபோது, போய்த் திரும்பத் திரும்ப வரும்போது, நோயாளி ஏற்கெனவே மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை எடுத்தவராக இருக்கும்போது. கேண்டிடா என்பது ஒரே பூஞ்சை இல்லை, அல்பிகான்ஸ்தான் அதிகம் என்றாலும், குரூசை என்ற இனத்துக்கு ஃப்ளூகோனசோல் இயல்பிலேயே வேலை செய்யாது, கிளாப்ரேட்டாவுக்குச் சரியாக வேலை செய்யாது. இனம் தெரியாமல் டோஸை ஏற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் பலரும் கோட்டை விடுவது வெள்ளையை அல்ல, சிவப்பை. வெள்ளைத் திட்டே இல்லாமல் நாக்கின் நடுவில் மொட்டுகள் உதிர்ந்து வழவழவென்று சிவந்த ஒரு இடம், அண்ணத்தில் அதற்கு நேராக இன்னொரு சிவப்பு, இதுவும் பூஞ்சைதான். நோயாளி சொல்வது ஒன்றே ஒன்று, "ரசம் சாதம் கூட எரியுது டாக்டர்". பல்செட் போட்டவர்களுக்குச் செட்டைக் கழற்றினால்தான் தெரியும், அதன் வடிவத்துக்கே அண்ணம் சிவந்திருக்கும். வயதானவர்கள் எதிரில் செட்டைக் கழற்றக் கூச்சப்படுவார்கள், "அம்மா, ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க, நான்தானே பாக்கப் போறேன்" என்று கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும். இரவிலும் கழற்றாமல் தூங்குபவர்களின் செட்டிலேயே பூஞ்சை ஊறிக் கிடக்கும், வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் இதே சிவப்பு, இதே எரிச்சல்.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் ஒரு விஷயத்தை மனப்பாடமே செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2008-க்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் பெருகியதால், மாற்று கிட்னியோடும் கல்லீரலோடும் நன்றாக வாழ்பவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர், மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள். ஃப்ளூகோனசோல் மாத்திரை, ஏன், வாயில் கரைக்கும் க்ளோட்ரிமசோல் கூட, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், ஏறினால் கிட்னிக்கே ஆபத்து. "வாயில பூஞ்சை, மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கக்கூடாதவர்கள் இவர்கள்தான். பூஞ்சை மருந்து தேவை என்றால் மாற்று அறுவை செய்த டாக்டரிடம் சொல்லி, ரத்த அளவைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், அது பூஞ்சைதானா என்று தெரிய வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம், சொல்லாமல் விட மனம் வரவில்லை. நிஸ்டாடின் என்ற பூஞ்சைச் சொட்டு மருந்தும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷும் ஒரே சீட்டில் எழுதப்பட்டு, இரண்டையும் நோயாளி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றையொன்று முறித்துவிடும். நடுவில் அரை மணி நேரமாவது விட வேண்டும்.

எச்ஐவி பற்றிப் பேசாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது, அதுவும் சென்னையில் இருந்துகொண்டு. 1986-ல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டறியப்பட்டது இங்கேதான், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் பரிசோதிக்கப்பட்டுத் தெரியவந்தது. 2004-ல் அரசு எச்ஐவிக்கு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இன்றைக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவருடைய வாயைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, மற்றவர்கள் வாய் போலவே இருக்கும், அதைவிட மகிழ்ச்சியான விஷயம் என் துறையில் எனக்குக் கிடையாது. ஆனால் தனக்கு இருப்பதே தெரியாமல் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுகர் இல்லை, ஸ்டீராய்டு இல்லை, இன்ஹேலர் இல்லை, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, வயது முப்பது சொச்சம், அப்படியிருந்தும் விடாத பூஞ்சை என்றால் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். நாக்கின் இரண்டு ஓரங்களிலும் செங்குத்தாக மடிப்பு மடிப்பாக, துடைத்தாலும் வராத வெள்ளை இருந்தால் இன்னும் கவனம், அது எப்ஸ்டீன் பார் வைரஸால் வரும் ஹேரி லூக்கோபிளேக்கியா. அதற்கென்று மருந்து பெரும்பாலும் தேவையில்லை, அது புற்றுநோயாகவும் மாறாது, ஆனால் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிட்டது என்ற செய்தியை வைத்திருக்கிறது. விடாத வாய்ப் பூஞ்சையையும் இதையும் உலக சுகாதார நிறுவனம் எச்ஐவியின் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை அடையாளங்களில் வைத்திருக்கிறது. விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலி என்று சேர்த்துச் சொன்னால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம், அது நான்காம் நிலை.

இதை எப்படிச் சொல்வது என்பதில் நான் மிகவும் கவனமாக இருப்பேன். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, இந்தப் புண் வர்றதுக்குப் பல காரணம் இருக்கு, சுகர் பார்ப்போம், ரத்தத்துல வெள்ளையணு பார்ப்போம், எச்ஐவியும் பார்ப்போம், இருந்தா நல்ல மருந்து இருக்கு, ஃப்ரீ" என்று ஒரே மூச்சில், மற்ற பரிசோதனைகளோடு ஒன்றாகத்தான் சொல்வேன். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது, முடிவை மற்றவருக்குச் சொல்லக்கூடாது, 2017-ல் வந்த சட்டமே இதைச் சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள், ஆலோசகர் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார். வாயைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் வந்தும் சொல்லக் கூச்சப்பட்டுப் பூஞ்சை மருந்து மட்டும் எழுதி அனுப்புவது அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

புண்கள் பற்றி. நல்ல உடம்பில் திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிஸ் வைரஸ் புண் உதட்டோரம், ஈறு, கடின அண்ணம் என்று சில இடங்களில் மட்டும் கொத்தாகச் சின்னச் சின்னதாக வந்து போய்விடும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவரிடம் அதற்கு எல்லையே கிடையாது, நாக்கு, கன்னம் எங்கும் பெரிதாக, ஆழமாக, வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும், பார்த்தால் ஹெர்பிஸ் என்றே தோன்றாது. கீமோவில் வரும் சாதாரணப் புண் மென்மையான சவ்வுள்ள இடங்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கும், ஆகவே கீமோவில் இருப்பவருக்குக் கடின அண்ணத்திலும் ஈறிலும் புண் என்றால் நான் முதலில் ஹெர்பிஸை நினைத்து, புண்ணின் அடியிலிருந்து துடைத்தெடுத்துப் பிசிஆருக்கு அனுப்புவேன்.

அக்கியும் வாய்க்குள் வரும். முகத்தில் ஒரு பக்கம் கொப்புளம் வந்தால் நம் ஊரில் காவியால் அக்கி எழுதப் போய்விடுகிறார்கள், கொப்புளம் வந்த முதல் மூன்று நாட்கள்தான் வைரஸ் மருந்து நன்றாக வேலை செய்யும் நாட்கள். கொப்புளம் தெரிவதற்கு முன்பே வலி வரும், அதுவும் அசல் பல்வலி போலவே வரும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத நல்ல பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்ட பிறகு அண்ணத்தின் ஒரே பாதியில் கொப்புளம் வெடித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. நடுக்கோட்டில் கத்தரித்தது போல நின்றுவிடும், மறுபாதி சுத்தமாக இருக்கும், அதைப் பார்த்ததும் அக்கிதான் என்பதில் சந்தேகமே வராது. இளவயதில் அக்கி என்றாலும் எதிர்ப்புச் சக்தியை ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

நாக்கில் ஒரே ஒரு புண், ஓரம் குடைந்தது போல, மாதமாகியும் ஆறவில்லை, அவர் மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியின் ஒரு புரதமான டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசி போடுபவர் என்றால் காசநோயை மறக்கவே கூடாது. புற்றுநோயும் அப்படியேதான் இருக்கும், பார்வையால் பிரிக்க முடியாது, பயாப்ஸிதான் சொல்லும். நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கூடவே போக வேண்டும், ஏனென்றால் வாயில் வரும் காசநோய் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வந்ததுதான்.

தொற்றே இல்லாத புண்ணும் தொற்று போலவே வேஷம் போடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிரோலிமஸ், எவரோலிமஸ் எடுப்பவர்களுக்கு மருந்தினாலேயே வாய்ப்புண் வரும். மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் மோசம், மூட்டுவலிக்கு வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே போட வேண்டிய மாத்திரை அது. தினமும் போட்டுவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் எல்லாமே சரிந்துவிடும், உயிரே போகலாம். மூட்டுவலி மாத்திரை எடுக்கும் ஒரு அம்மா வாய் முழுக்கப் புண்ணோடு வந்தால் நான் வாயைப் பார்ப்பதற்கு முன் மாத்திரை அட்டையைக் கேட்பேன். எந்தக் கிழமை போடுறீங்க என்று கேட்டு, "டெய்லிதான்மா" என்று பதில் வந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். இந்த நிலையில் மருந்துக்கடையில் தரும் அந்தச் சின்ன ட்யூப் எதற்கும் உதவாது. அதில் பல நேரம் இருப்பது ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. சாதாரண வாய்ப்புண்ணுக்கு நல்ல மருந்து, பூஞ்சைக்கும் ஹெர்பிஸுக்கும் காசநோய்க்கும் மேலே தடவினால் கிருமிக்குத்தான் வசதி, அதுவும் இரண்டு நாள் எரிச்சல் குறைந்தது போலத் தோன்றும், அதனால் இன்னும் இரண்டு வாரம் வீணாகும்.

பயாப்ஸி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திசுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டு, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் நோயியல் லேபுக்கு, இன்னொரு துண்டு சலைன் என்ற உப்புநீரில் நுண்ணுயிரியல் லேபுக்கு. ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துப்போகும், அதிலிருந்து கல்ச்சர் வளராது. ஒரே பாட்டிலில், முழுக்க ஃபார்மலினில், "கல்ச்சருக்கும் பார்க்கவும்" என்று சீட்டு எழுதி வரும் மாதிரிகளைப் பார்க்கும்போது அடுத்த முறை அந்த நோயாளி இன்னொரு தடவை கத்தி தாங்க வேண்டுமே என்று மனசு கனத்துப்போகும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் 2021. கொரோனா இரண்டாம் அலையில், ஸ்டீராய்டும் கட்டுப்பாடில்லாத சுகரும் சேர்ந்து, மியூக்கர் பூஞ்சை ஊரையே உலுக்கியது, மே மாதத்தில் தமிழ்நாடு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கறுப்புப் பூஞ்சை என்று பெயர் பரவியதால் கறுப்பைத் தேடினார்கள். கறுப்பு தெரியும்போது திசு ஏற்கெனவே செத்திருக்கும். அதற்கு முன்னால் வருவது வேறு: ஒரு பக்க மேல்தாடைப் பல்வலி, நேற்றுவரை கெட்டியாக இருந்த இரண்டு மூன்று பற்கள் சேர்ந்தாற்போல ஆடுவது, கன்னம் மரத்துப்போவது, அண்ணத்தில் ஒரு இடம் வெளிறிப்போவது. பல் ஆடுகிறது என்று பல் டாக்டரிடம்தான் முதலில் வந்தார்கள். அங்கே "ஈறு வீக்" என்று ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டவருக்கும், அன்றே அண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து ஸ்லைடு பார்க்கப்பட்டவருக்கும் இடையே கண் போகுமா தங்குமா என்ற அளவுக்கு வித்தியாசம் இருந்தது.

அந்த ஸ்லைடை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேண்டிடாவின் மெல்லிய இழை இல்லை, அகலமான ரிப்பன் மாதிரி இழைகள், நடுவில் குறுக்குச் சுவர் அநேகமாக இல்லை, கிளை பிரியும் இடம் ஏறக்குறைய செங்கோணம். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை என்றால் இழை ஒடுக்கமாக, குறுக்குச் சுவரோடு, குறுகிய கோணத்தில் பிரியும். அந்த வேறுபாடு மருந்தையே மாற்றிவிடும், ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் வோரிகோனசோல் மியூக்கருக்கு வேலை செய்யாது, ஆம்ஃபோடெரிசின் என்ற வேறு பூஞ்சை மருந்தும் உடனடி அறுவையும்தான் வழி. பூஞ்சைக்காக ரத்தத்தில் பார்க்கும் கேலக்டோமேனன், பீட்டா குளூக்கன் பரிசோதனைகள் மியூக்கரைக் காட்டாது, நெகட்டிவ் என்று நிம்மதி அடையக்கூடாது. கல்ச்சருக்கு அனுப்பும் திசுவை லேபில் அரைத்துவிட்டால் இழைகள் நொறுங்கி எதுவும் வளராமல் போகும், மெல்ல நறுக்கத்தான் வேண்டும், சீட்டில் "மியூக்கர் சந்தேகம்" என்று எழுதினால்தான் அவர்களுக்கும் தெரியும். கொரோனா அலை போய்விட்டது, சுகர் போகவில்லை, மியூக்கரும் போகவில்லை, இப்போதும் வருகிறது.

வீட்டில் இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், புதிதாக எது தெரிந்தாலும் போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த நாள் படத்தோடு ஒப்பிட்டால் வளர்கிறதா என்று தெரியும். காய்ச்சல், விழுங்க முடியாத வலி, முகம் மரத்துப்போவது, பல் திடீரென்று ஆடுவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள். டாக்டர் மருந்து எழுதும்போது "சாம்பிள் எடுக்கணுமா சார்?" என்று கேளுங்கள், தயங்காதீர்கள், நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பணம் பிரச்சினை என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் வாய் நோய் கண்டறியும் பிரிவு எது என்று கேளுங்கள். போகும்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அன்று காலை வாயில் எதையும் தடவாமல் போங்கள்.